இனிப் பயமில்லை என்று சொன்னவளுக்கு

நீ என் தங்கச்சியிடம் பொய் சொன்னாய். முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். "இனிப் பயமில்லை, மனோ" என்று சொன்னாய். அந்தச் சொல்லை நம்பினவள் இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையாகக் கிடந்து போனாள். நீயும் நானும் சேர்ந்து கட்டினது எல்லாம் அதே சொல்லால்தான் சரிந்தது.

இப்போது என் சாப்பாட்டு மேசையில் மனோவின் எவர்சில்வர் தம்ளர் இருக்கிறது. போன கிழமை உன் மகள் கனடாவிலிருந்து வந்து தந்துவிட்டுப் போனாள். பழைய சேலைத் துண்டில் சுற்றியிருந்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தேன். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'மனோன்மணி' என்று இருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு வந்த தம்ளர். ஆஸ்பத்திரியில் யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தரும்போது உன் மகள் ஒரு விஷயம் சொன்னாள். அது எனக்கு இன்னும் செமிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள் நாங்கள். நீ படித்து நேர்ஸ் ஆனாய். என் படிப்பை வீட்டில் பாதியில் மறித்துவிட்டார்கள். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இணைக்கிற வேலைக்குப் போனேன். நான் படித்த இங்கிலீஷ் முழுவதும் அந்தக் கம்பிக்குள்ளால் வந்ததுதான். அன்றிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "எடியே ஒப்பரேட்டர்" என்பாய். நடுத்தெருவிலும் அப்படித்தான். பிறகு இரண்டு பேரும் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். நான் விதவையாகிவிட்ட மனோவோடு கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடியில். நீ காலி வீதியை ஒட்டின ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிளாஸ்டர் போடுகிற அறைக்குப் பொறுப்பான சிஸ்டர்.

என் கை முறிந்த நாள் உனக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது செருப்பு வழுக்கிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. உன் அறைக்குள் நான் வந்தபோது உன் முகம் வெளுத்துப்போனது.

"எங்கையடி? குண்டிலையா?"

"இல்லை, செருப்பிலை."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. முறிந்த கையோடு யார் வந்தாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது. குண்டில் முறிந்தால் ஊர் கூடி விசாரிக்கும். குளியலறையில் முறிந்ததைச் சொல்ல எங்கள் பெண்களுக்கு வெட்கம். ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது தான் வழுக்கி விழுந்ததைப் போய் ஒரு கதையென்று சொல்வதா என்று பேசாமல் பிளாஸ்டரைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போவார்கள்.

பிளாஸ்டர் வெட்டின அன்று நான் டொக்டரை விடவில்லை. நீ பக்கத்தில் நின்று என் இடுப்பில் கிள்ளிக்கொண்டே இருந்தாய்.

"டொக்டர், நான் மாடியாலை விழேல்லை. நிண்ட நிலையிலை விழுந்தனான். அதுக்கு ஏன் எலும்பு முறியுது?"

"வயசு போகுதெல்லோ அம்மா. எலும்பு மெலிஞ்சுபோச்சு."

"அப்ப மற்ற எலும்புகள்?"

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுகளும் மெலிஞ்சுதான் இருக்கும். இப்பிடி ஒருக்கா முறிஞ்சவைக்குத் திரும்ப முறியிறதுக்கு வாய்ப்புக் கூட. இடுப்பு முறிஞ்சால் பெரிய கரைச்சல்."

"மருந்து இருக்கோ?"

"இருக்கு. கிழமைக்கு ஒரு குளிசை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கை முறிஞ்செல்லோ வந்தனீங்கள்?"

அவர் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். கை முறிந்து வந்தால் கையைப் பார்ப்பார்கள். கை பொருந்தினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்த எலும்பு யாருடைய பொறுப்பு என்று அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது. அது யாருடைய வேலையும் இல்லை. அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போய், டொக்டர் தந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். வேறு நாடுகளில், முறிந்த ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டு அடுத்தது முறியாமல் பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்களாம். அதை உனக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஆளைக் கூப்பிடுறதுதானே வேலை? உனக்கு அதைத் தவிர வேறை என்னடி தெரியும்?" என்றாய். அடுத்த மூச்சில், "செய்வம்" என்றாய்.

'செய்வம்' என்று முதலில் சொன்னவள் நீ. அதை நான் மறைக்க மாட்டேன். அதனால்தான் உன் மீது இவ்வளவு கோபம்.

டொக்டர் சனிக்கிழமைப் பின்னேரத்தைத் தந்தார். "ஆக்களைக் கொண்டு வாறது உங்கட பாடு" என்றார். ஐம்பது வயது தாண்டி, நின்ற நிலையில் விழுந்து எலும்பு முறிந்து வருகிற பெண்களிடம், என் சிநேகிதி ஒருத்தி உங்களுக்குப் போன் எடுக்கலாமா என்று நீ கேட்பாய். ஓம் என்றவர்களுக்குப் பிளாஸ்டர் வெட்டுவதற்கு முன் நான் எடுப்பேன். பிளாஸ்டர் வெட்டினால் பிறகு எங்கள் சனம் ஆஸ்பத்திரிப் பக்கம் வராது. பொருந்திவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றே அர்த்தம். வந்தவர்களின் இரத்தத்தை டொக்டர் சோதிப்பார். முடிந்தவர்களை எலும்பின் அடர்த்தி பார்க்கிற மெஷினுக்கு அனுப்புவார். குளிசை எழுதுவார். கண் எப்படி, நித்திரைக் குளிசை போடுகிறீர்களா, குளியலறையில் பிடிக்க என்ன இருக்கிறது என்று எல்லாம் கேட்பார். மூன்று மாதத்தில் நான் திரும்பவும் போன் எடுத்து, குளிசை நடக்கிறதா என்று கேட்பேன். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு டொக்டரின் பின்னேரம். எங்கள் ஆஸ்பத்திரி அவ்வளவுதான்.

அதில் என் நாக்கு ஒரு பிரச்சினையாகிவிட்டது.

"அம்மா, இது முதலாவது முறிவு. கவனிக்காட்டில் இரண்டாவது வரும்" என்று தொடங்குவேன். வேறு எப்படித் தொடங்குவது?

"ஆர் கதைக்கிறது? விளக்கு வைக்கிற நேரத்திலை இதென்ன கதை! முதல் வாயைக் கழுவுங்கோ!"

பம்பலப்பிட்டிப் பெண் ஒருத்தி உன்னிடம் வந்து, "சிஸ்டர், அந்தக் கரிநாக்குக்காரியை எனக்குப் போன் எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றாளாம். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

"சாவீட்டுக்குத் தந்தி அடிக்கிற மாதிரி எல்லோ கதைக்கிறாய்! முறியும் எண்டு சொல்லாதை. முறியாமல் பாப்பம் எண்டு சொல்லு."

அப்படியும் சொல்லிப் பார்த்தேன். "ஓ, முறியாதோ? நல்லது" என்று போனை வைத்துவிட்டார்கள். ஒருவரும் வரவில்லை. திரும்பவும் என் கரிநாக்குக்கே வந்தேன். ஏசினவர்கள் வந்தார்கள். ஏசுவதற்கென்றே வந்தவர்களும் உண்டு. வந்த பிறகு உன் சீனி நாக்கு அவர்களைக் கதிரையில் இருத்திவைக்கும். நான் பயமுறுத்திக் கூப்பிட, நீ பயம் தெளியவைத்து இருத்துவாய். அது நல்ல கூட்டு என்று நம்பினேன். தெளியவைப்பது என்றால் எதுவரை என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நேர்ஸ் நீ.

குளிசை எங்கள் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. விடிய எழும்பி வெறும் வயிற்றில் போட வேண்டும். ஒரு முழுத் தம்ளர் பச்சைத்தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, ஒன்றும் சாப்பிடவும் கூடாது. "தேத்தண்ணி குடிக்காமல் நான் எழும்பி நிண்டால்தானே குளிசை போட!" என்று ஹெவ்லொக் டவுனில் ஒருத்தி கேட்டாள். அதற்கு வழி கண்டவள் மனோ. அவள் வெள்ளிக்கிழமை தலை தோய்ந்து, கோயிலுக்குப் போய் வரும்வரை பல்லில் தண்ணீரும் படாமல் இருப்பாள். "வெள்ளிக்கிழமை எப்பிடியும் ஒண்டும் தின்னாமல்தானே நிக்கிறம். அண்டைக்குப் போடச் சொல்லுங்கோவன்" என்றாள். அதன் பிறகு அதற்கு 'வெள்ளிக்கிழமைக் குளிசை' என்று பெயர் வந்தது. கொட்டாஞ்சேனையில் வேதக்காரப் பெண்களுக்கு ஞாயிறு, மாதா கோயில் பூசைக்கு முன்னம். மறந்தோம் என்ற கதையே நின்றுவிட்டது. சாமியையும் குளிசையையும் ஒன்றாக முடிந்துவைத்தால் எங்கள் பெண்கள் மறப்பார்களா?

பிறகு ஒருத்தி, விரதத்தில் தண்ணீர் குடித்தால் பங்கம் என்று, ஐயர் உள்ளங்கையில் ஊற்றின தீர்த்தத்தோடு குளிசையை விழுங்கிவிட்டாள். அது நெஞ்சுக்குள் நின்று நெருப்பாக எரிந்தது. நல்லகாலம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. நீதான் அடுத்த நாளே ஐயரிடம் போனாய். "மருந்துக்குத் தோஷமில்லை, பிள்ளை. ஒரு தம்ளர் தண்ணி என்ன, ஒரு குடம் எண்டாலும் குடிக்கச் சொல்லு" என்று அவர் சொன்னதை வந்து அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு மனோ தன்னுடைய பெரிய தம்ளரைக் கொண்டுவந்தாள். அளந்து பார்த்தோம். டொக்டர் சொன்ன அளவு சரியாக அதற்குள் நின்றது. அன்றிலிருந்து சனிக்கிழமை மேசையில் அந்தத் தம்ளர் இருந்தது. வருகிற ஒவ்வொருத்தியின் கையிலும் அதைக் கொடுத்து, "இவ்வளவு தண்ணி. குறையக் கூடாது" என்பாய். இந்தத் தம்ளர் அதுதான்.

அந்த நேரம் மனோவுக்கு ஒன்றும் முறிந்திருக்கவில்லை. அவள் சும்மா உதவிக்கு வந்தவள்.

பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு நாள் காலை ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே இறங்கி வரச் சொன்னார்கள். மனோ, கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை மறந்துவிட்டுப் பாதிப் படியில் திரும்பி ஓடினாள். எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தாள். கடைசிப் படியில் கால் தடக்கி ஆமிக்காரப் பெடியன் ஒருவனின் காலடியில் விழுந்தாள். அவன் துவக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கினான். "அம்மே, ஹெமின், ஹெமின்" என்றான். மெள்ள, மெள்ள என்று சிங்களத்தில் சொல்கிறான். விழுந்த பிறகு சொன்னான். மணிக்கட்டு போய்விட்டது. என்னுடையதைப் போலவே கரண்டி வளைவு. அவளுக்குப் பிளாஸ்டர் போட்டவள் நீ.

டொக்டர் பார்த்தார், குளிசை எழுதினார். தானே கண்டுபிடித்த வெள்ளிக்கிழமைக்கு இப்போது மனோ தானே நோயாளியானாள். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டாள். பிறகு முகம் மாறத் தொடங்கியது.

"அக்கா, ஆமிக்குப் பயம். குண்டுக்குப் பயம். போன் அடிச்சால் லண்டனிலை பிள்ளைக்கு என்னவோ எண்டு பயம். இனி என்ர சொந்த எலும்புக்கும் பயப்பிட வேணுமோ?"

"ஓம். பயப்பிடத்தான் வேணும்" என்றேன்.

கடுமையாகத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் எனக்குத் தெரியாமல் உன்னிடம் வந்தாள். நீ அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "வடிவாப் பொருந்திட்டுது. இனிப் பயமில்லை, மனோ. குளிசை மனசைக் குழப்புதெண்டால் விட்டிடுங்கோ. அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லை" என்றாய். இது எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் அவள் என் கண்முன்னே குளிசையை உள்ளங்கையில் எடுப்பாள். தண்ணீரை முழுவதும் குடிப்பாள். யன்னலடியில் அரை மணித்தியாலம் நின்று கடலைப் பார்ப்பாள். நான் நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றுவேன்.

அடுத்ததாக நீ போனாய். ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், அடுத்த நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்கப் பிளாஸ்டர் அறைக்குப் போன் எடுத்தேன். தெரியாத ஒரு பிள்ளை எடுத்தாள். "சிஸ்டர் இல்லையே. அவ மகளிட்டைக் கனடாவுக்குப் போயிட்டா. உங்களுக்குச் சொல்லேல்லையா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து ஒன்றாக இருந்தவள், ஒரு போன் எடுத்து 'போகிறேன்' என்று சொல்லவில்லை. விசாவை யாருக்கும் சொல்லக்கூடாத காலம் அது என்று பிறகு ஒருவர் எனக்கு நியாயம் சொன்னார். யாருக்கும் என்றால் எனக்குமா? சனிக்கிழமை நான் மேசைக்குப் போனேன். வந்தது ஒருத்தி. தம்ளரைக் காணவில்லை. புதிய பிள்ளைகளுக்கு யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாது. டொக்டர் நல்ல மனிதர்தான். "சிஸ்டர் இல்லாமல் ஆர் அம்மா ஆக்களை அனுப்புறது?" என்று கொஞ்ச நாளில் தன் பின்னேரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மனோவின் இடுப்பு முறிந்தது குசினியில். ஓடவில்லை, தடக்கவில்லை. காஸை நிப்பாட்டத் திரும்பினாள். விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. "அக்கா, கால் என்ர சொல் கேக்குதில்லை" என்ற குரல்தான் கேட்டது. ஆட்டோவில் கொண்டுபோக முடியாமல் அம்புலன்ஸுக்குச் சொல்லி, அது காலி வீதியில் சோதனைச் சாவடியில் நின்று நின்று வரும்வரை அவள் நிலத்தில் கிடந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஒப்பரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நான் குளிசை போடேல்லை. துளசிச் சட்டிக்குள்ளை தாட்டனான். சிஸ்டரக்கா இனிப் பயமில்லையெண்டு சொன்னவ."

நான் அந்தச் சட்டியைக் கிளறிப் பார்க்கவில்லை. மனோ பொய் சொல்கிறவள் இல்லை. அந்தப் பொய் அவளுக்கு நீ கற்றுக்கொடுத்தது.

டொக்டரைக் கேட்டேன். "போட்டிருந்தாலும் முறிஞ்சிருக்கலாம் அம்மா. ஆனால் வாய்ப்புக் குறைஞ்சிருக்கும்" என்றார். நேர்மையான பதில். அந்தக் குறைவுக்காகத்தானே நாங்கள் சனிக்கிழமை தோறும் அந்த மேசையில் இருந்தோம்!

ஆஸ்பத்திரியில் உன் கனடா நம்பரை வாங்கிப் போன் எடுத்தேன்.

"மனோவுக்கு என்ன சொன்னனீ?"

"பாவமடி அவ. என்ர கையைப் பிடிச்சு அழுதவ. சனம் பயத்திலை செத்துக்கொண்டிருக்கேக்கை, ஒரு பயத்தையெண்டாலும் எடுத்துவிடுவம் எண்டு நினைச்சன்."

"நீ எடுத்தது பயத்தை இல்லை. குளிசையை."

"எடியே ஒப்பரேட்டர்..."

"இன்னும் எத்தினை பேருக்குச் சொன்னனீ?"

நான் போனை வைத்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. உன் பதில் எனக்கு வேறு வழியாகக் கிடைத்தது. பழைய பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துப் பார்த்தேன். "சிஸ்டர் சொன்னவ, நல்லாப் பொருந்திட்டுதாம். இனிப் பயமில்லையாம்." ஒருத்தி மட்டும் அல்ல. மட்டக்குளியிலும் அதே சொல், பம்பலப்பிட்டியிலும் அதே சொல். நான் முன்வாசலால் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நீ பின்வாசலால் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாய்.

மனோ எழும்பவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மகன் லண்டனிலிருந்து வந்து சேர முன்னம் போய்விட்டாள். செத்தவீட்டில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை மேசைக்கு வந்த பெண்களில் சிலர் வந்திருந்தார்கள். நான் சமையலறைக்குள் நிற்கிறேன் என்று தெரியாமல் ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள்.

"முறியும் முறியும் எண்டு ஊருக்கெல்லாம் சொன்னா. அந்த நாக்கு கடைசியிலை சொந்தத் தங்கச்சியிலை பலிச்சிட்டுது."

மற்றவள் "ம்" என்றாள்.

குளிசையை நிப்பாட்டச் சொன்னவள் நல்லவள். போடச் சொன்னவளின் நாக்குத்தான் கொன்றது. அந்தப் பழியை நீ ஒரு போன் எடுத்துத் துடைத்திருக்கலாம். 'நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்' என்று ஒருத்திக்குச் சொல்லியிருந்தாலும் கொழும்பு முழுவதற்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நீ சொல்லவில்லை. 'என்ன செய்யிறது, விதி' என்று யாரிடமோ சொல்லியனுப்பினாய்.

இனி உன் மகள் சொன்னது.

அவளுக்கு எங்கள் கதை தெரியாது. உன் கண்களோடு, உன் சிரிப்போடு என் கதிரையில் இருந்தாள். "அம்மா சாகமுந்தி, இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ, அன்ரி. வேறை ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். "அங்க போன உடனை அம்மாவுக்கு ஸ்கான் பண்ணினவை. எலும்பு சரியான மெல்லிசெண்டு கிழமைக்கு ஒரு குளிசை குடுத்தவை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இந்தத் தம்ளரிலைதான் போடுவா. முழுத் தண்ணியும் குடிச்சுப்போட்டு யன்னலடியிலை அரை மணித்தியாலம் நிப்பா. டொக்டர் நிப்பாட்டச் சொல்லும் வரைக்கும் ஒரு வெள்ளியும் விட்டதில்லை. நாங்கள் பகிடி பண்ணுவம்."

"கை கால் ஏதும் முறிஞ்சதோ?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஐஸிலை ரெண்டு மூண்டு தரம் வழுக்கி விழுந்தவ. ஒண்டும் நடக்கேல்லை. அம்மா போனது இருதயத்தாலை."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளையிடம் என்ன கோபம்?

உனக்குக் குளிசையில் நம்பிக்கை இல்லாமல்தான் அப்படிச் சொன்னாய் என்று இவ்வளவு காலமும் ஒரு சின்னச் சமாதானம் வைத்திருந்தேன். அறியாமல் செய்தாள், அல்லது அலுத்துப்போய்ச் செய்தாள் என்று. இப்போது அதுவும் இல்லை. நீ நம்பினாய். உன் எலும்புக்கு நீ பயந்தாய். பயந்து, ஒரு வெள்ளி விடாமல், என் தங்கச்சியின் தம்ளரில், என் தங்கச்சி கண்டுபிடித்த வழியில் போட்டாய். உன் எலும்பு தாங்கியது. பயப்பட்டால் உயிரோடு இருக்கலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதை மற்றவர்களுக்குத் தர உனக்கு மனம் வரவில்லை. நீ அழுகையைத் தாங்கமாட்டாய். அதனால் அழுதவர்களுக்கெல்லாம் அவர்கள் கேட்டதைக் கொடுத்தாய். அதற்கு எங்கள் ஊரில் இரக்கம் என்று பெயர்.

தம்ளரை எனக்கு அனுப்பியது மன்னிப்புக் கேட்பதற்கு என்று யாராவது சொல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் அந்த யன்னலடியில் நீ மனோவைத்தான் நினைத்தாய் என்றும் சொல்லலாம். இருக்கலாம். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியதை வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும். உனக்குத்தான் அவ்வளவு நல்ல வாய் இருந்ததே.

யுத்தம் முடிந்து எவ்வளவு காலம். சாவடிகள் போய்விட்டன. காலி வீதியில் புதுப் புது மாடிகள். ஆனால் உன் சொல் மட்டும் போகவில்லை. கீழ்மாடி ராணிக்குப் போன மாதம் கை முறிந்தது. சந்தைப் பையோடு வாசலில் சறுக்கினாள். பிளாஸ்டரை வெட்டின பிள்ளை, "அவ்வளவுதான் அன்ரி, இனிப் பயமில்லை" என்றாளாம். நான் விடவில்லை. ஏசி ஏசி டொக்டரிடம் அனுப்பினேன். அவர் பார்த்துக் குளிசை எழுதினார். போன வெள்ளி அவள் அதைத் தொடவில்லை. "பாப்பம் அக்கா, இப்ப கை நல்லாத்தானே இருக்கு" என்றாள். மனோவும் அப்படித்தான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதிவைக்கிறேன். உனக்கு வாசிக்கக் கிடைக்காது. மற்றவர்கள் வாசிக்கட்டும்.

பிளாஸ்டர் வெட்டுகிற பிள்ளை, கத்திரியை எடுக்க முன்னம் சொல்ல வேண்டும்: இது முதலாவது, இரண்டாவது வராமல் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுதாலும் அந்த வசனத்தை விழுங்கக் கூடாது. 'பயமில்லை' என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், 'குளிசை போட்டு, படியைப் பிடித்து நடந்தால்' என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். டொக்டர், கை முறிந்து வந்தவளின் மற்ற எலும்புகளையும் தன்னுடைய வேலை என்று எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி, இதற்கென்று ஒரு ஆளை வைக்க வேண்டும். ஒருத்தி கனடாவுக்குப் போனால் மேசை சரியாதபடி, இரண்டு பேரை வைக்க வேண்டும். போன் எடுக்கிறவள் ஏச்சு வாங்கிக்கொண்டு எடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். ஐயர், மருந்துக்குத் தோஷமில்லை என்பதைத் தீர்த்தம் கொடுக்கும்போது இரண்டு தரம் சொல்ல வேண்டும். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள், 'சாப்பிட்டீங்களோ' என்று மட்டும் கேட்டால் போதாது. வெள்ளிக்கிழமை 'விழுங்கினீங்களோ' என்று கேட்க வேண்டும். வீட்டில் கூட இருக்கிறவர்கள், உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நீ போய்விட்டாய்.

நான் செய்ய வேண்டியது நாளைக்கு. நாளை வெள்ளிக்கிழமை. காலையில் இந்தத் தம்ளரை நிறைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெள்ள, ஒவ்வொரு படியாக ராணி வீட்டுக்கு இறங்க வேண்டும். அவள் என்னைக் கரிநாக்கு என்று சொல்வாள். சொல்லட்டும். பயமாயிருக்கு என்று அழுவாள். அழட்டும். நான் முன்னால் நிற்பேன். பயந்தபடியே குடிக்கட்டும்.